உயிருள்ள மருந்தும் உயிர்காக்கும் சட்டமும்

மருந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது மாத்திரையோ, கஷாயமோ, களிம்போதான். இவை உயிரற்ற பொருள்கள். இடித்தும் காய்ச்சியும் வடித்தும் இவற்றைச் செய்கிறோம். செய்து முடித்தபின் இவை தாமாக வளர்வதில்லை. தம்மைப்போல் வேறொன்றைப் பெற்றெடுப்பதுமில்லை. ஆனால் மருத்துவ வரலாற்றில் மற்றொரு வகை மருந்தும் உண்டு. அது உயிருள்ள மருந்து. கெட்ட இரத்தத்தை நீக்க நம் சித்த மருத்துவர்கள் அட்டை விட்டார்கள்; அந்த அட்டை ஓர் உயிர். நம் பாட்டன்மாருக்குக் கையைக் கீறிக் குத்திய அம்மைப்பாலும் பெருகும் தன்மை உடையதே. இன்று பிறந்த குழந்தையின் இடது புயத்தில் போடப்படும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பவையும் உயிரோடிருக்கும் கிருமிகளே.

உயிருள்ளது வளரும், வளர்வது மாறும், மாறுவது நன்மையும் செய்யலாம், தீமையும் செய்யலாம். ஆகவே உயிருள்ள ஒன்றை மருந்தாக்கி மக்களின் உடலுக்குள் செலுத்தும்போது, அதைக் கண்காணிக்கும் பொறுப்பு அரசுக்கு வந்துசேர்கிறது. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, மருத்துவத்துக்கென வளர்க்கப்படும் அட்டைகளையும் புண்ணை ஆற்றும் ஈப்புழுக்களையும் மருத்துவக் கருவிகள் என வகைப்படுத்தி அனுமதி வழங்கியது. இதைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். எனினும் இதன் பின்னால் இருப்பது இருநூறு ஆண்டுகளாக உலகம் விடைதேடும் ஒரு கேள்வி: உயிருள்ள மருந்தை யார் செய்யலாம், யார் சோதிக்கவேண்டும், தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்லவேண்டும்? இக்கேள்வியின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம், நாம் வாழும் திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களிலேயே எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். அதனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மைப்பால் காலம்

எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவம்மைச் சீழைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று 1796-இல் செய்து காட்டினார். ஆறே ஆண்டுகளில் அம்மருந்து இந்தியா வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு முதன்முதலாக அது குத்தப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில் அம்மைப்பாலைக் கெடாமல் கொண்டுசெல்லும் வழி ஒன்றே: ஒரு குழந்தைக்குக் குத்தி, அக்கொப்புளத்தில் ஊறும் நீரை எடுத்து மற்றொரு குழந்தைக்குக் குத்துவது. இவ்வாறு குழந்தைகளே மருந்தைச் சுமக்கும் பாத்திரங்களாயினர். ஒரு குழந்தையின் உடலில் இருந்த பிற நோய்களும் மருந்தோடு சேர்ந்து அடுத்த குழந்தைக்குப் போகும் இடர் இதில் இருந்தது. ஆகவே பின்னர், கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுக்கும் முறை வந்தது.

நம் நாட்டில் இதற்கு முன்பே, அம்மை கண்டவரின் சீழையே எடுத்து மற்றவருக்குக் குத்தும் பழைய முறை சில பகுதிகளில் வழங்கிவந்தது. அதனால் பலர் பிழைத்தனர். ஆனால் குத்தப்பட்டவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவதும் உண்டு. 1880-ஆம் ஆண்டின் அம்மைகுத்துச் சட்டம், அது நடைமுறைப்படுத்தப்பட்ட நகரங்களிலும் படைமுகாம்களிலும் பழைய முறையைத் தடைசெய்து, புதிய முறையைக் கட்டாயமாக்கியது. உயிருள்ள மருந்தில் எது அனுமதிக்கப்பட்டது, எது விலக்கப்பட்டது என்று அரசு கோடு கிழித்த தொடக்கங்களுள் இது ஒன்று. 1899-இல் சென்னை கிண்டியில் அம்மைப்பால் தயாரிப்பதற்கென ஒரு நிலையம் தோன்றியது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கர்னல் டபிள்யூ. ஜி. கிங் அவர்களின் பெயரால் அது இன்றும் கிங் நிலையம் என வழங்குகிறது.

கல்லறைகளின் அருகே பிறந்த சட்டங்கள்

மருந்துச் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை நெஞ்சைச் சுடுகிறது. அறிஞர்கள் முன்கூட்டியே சிந்தித்து இயற்றிய சட்டங்கள் சில; குழந்தைகள் மாண்டபின் இயற்றப்பட்டவை பல. 1901-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து தரப்பட்ட பதின்மூன்று குழந்தைகள் இறந்தனர். ஜிம் என்னும் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. அக்குதிரைக்கு இரணஜன்னி கண்டிருந்ததும், அந்த இரத்தம் முழுவதும் அழிக்கப்படாமல் போனதும் பின்னரே தெரியவந்தன. அதே காலத்தில் கேம்டன் நகரில் அம்மைகுத்திய குழந்தைகள் சிலரும் இரணஜன்னியால் இறந்தனர். மறு ஆண்டே, 1902-இல், உயிர்ப்பொருள்களிலிருந்து செய்யப்படும் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே பிறந்தது. உரிமம் பெற்றவரே அவற்றைச் செய்யலாம்; செய்யும் இடத்தை அரசு அதிகாரி புகுந்து பார்க்கலாம் என்று அச்சட்டம் வகுத்தது.

இந்தியாவில் 1930-இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, நாடெங்கும் மலிந்திருந்த போலி மருந்துகளையும் தரமற்ற மருந்துகளையும் ஆராய்ந்து, 1931-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1940-இல் மருந்துச் சட்டமும், 1945-இல் அதன் விதிகளும் வந்தன. தடுப்பூசி மருந்துகளும் சீரங்களும் அவ்விதிகளில் தனி அட்டவணையில் வைக்கப்பட்டு, அவற்றிற்குத் தனி உரிமமும் தனிச் சோதனையும் வகுக்கப்பட்டன. மாத்திரையை இரசாயனத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். உயிருள்ள கிருமியை அவ்வாறு நிறுக்க இயலாது. அது உயிரோடிருக்கிறதா, எத்தனை உயிரோடிருக்கின்றன, அதனோடு வேறு கிருமி கலந்திருக்கிறதா என்று வளர்த்துத்தான் பார்க்கவேண்டும். அப்பணி இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியின் மத்திய மருந்துப் பரிசோதனைக் கூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பி.சி.ஜி.யின் வருகை

காசநோயை நம் முன்னோர் எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் அழைத்து அஞ்சினர். அதைத் தடுக்க, பிரான்சு நாட்டின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட், கமில் கெரென் ஆகிய இருவர் 1908-இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை, பித்தநீரும் கிளிசரினும் சேர்ந்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தனர். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அதைப் புதிய துண்டுக்கு மாற்றினர். இப்படிப் பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மாற்றினர். இடையில் முதல் உலகப் போர் வந்தது, நகரம் பகைவர் வசமாயிற்று, பணி நிற்கவில்லை. முடிவில் அக்கிருமி நோய் தரும் வலிமையை இழந்தது. ஆனால் உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பிக்கும் தன்மையை இழக்கவில்லை. 1921-இல் பாரிசில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக அது கொடுக்கப்பட்டது. அக்கிருமியின் பெயரும் அவ்விருவர் பெயரும் சேர்ந்த எழுத்துகளே பி.சி.ஜி.

1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. பி.சி.ஜி. கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 250 பச்சிளங்குழந்தைகளுள் 70-க்கு மேற்பட்டோர் காசநோயால் மாண்டனர். பாரிசிலிருந்து வந்த கிருமியில் குற்றமில்லை. உள்ளூர் ஆய்வகத்தில் அதனோடு நோய் தரும் காசக்கிருமி கலந்துவிட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பொறுப்பாயிருந்த மருத்துவர்கள் இருவர் தண்டிக்கப்பட்டனர். பி.சி.ஜி. தயாரிக்கும் இடத்தில் வேறு கிருமி எதையும் கையாளக்கூடாது, அங்குப் பணிபுரிவோர் காசநோய் இல்லாதவராயிருக்கவேண்டும், மருந்தைச் சீமைப் பெருச்சாளிகளுக்குச் செலுத்தி ஆறு வாரமாவது பார்க்கவேண்டும் என்பன போன்ற விதிகளைப் படிக்கும்போது, அவற்றின் வரிகளுக்கிடையே லூபெக் குழந்தைகளின் முகங்கள் தெரிகின்றன.

விடுதலை பெற்ற இந்தியா 1948-இல் பி.சி.ஜி.யை ஏற்றது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில், கிறித்தவத் திருச்சபைகள் நடத்திய காசநோய் மருத்துவமனை இதில் முன்னோடியாய் நின்றது. அதே ஆண்டில் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் நிறுவப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணைநிற்க, 1951 முதல் நாடெங்கும் பெரும் இயக்கமாக ஊசி போடப்பட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. 1955-இல் மூதறிஞர் இராஜாஜி பி.சி.ஜி.யை வெளிப்படையாக எதிர்த்து ஒரு நூலே வெளியிட்டார். நலமாயிருக்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதற்கு, அதன் பயன் ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளதா என்பது அவர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. மத்திய சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தை உறுதியாக ஆதரித்தார். இயக்கம் நிற்கவில்லை. ஆயினும் இராஜாஜியின் கேள்வி காற்றில் கரைந்துவிடவுமில்லை. இங்கிலாந்தில் பள்ளி மாணவரிடையே நடந்த ஆய்வு, பி.சி.ஜி. பத்தில் எட்டுப் பங்கு பாதுகாப்புத் தருவதாகக் காட்டியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த ஆய்வோ மிகச் சொற்பப் பயனையே கண்டது. நம் நாட்டு வெயிலிலும் மண்ணிலும் அது எவ்வாறு வேலைசெய்யும்? பெரிய அளவில் சோதித்துப் பாராமல் விடை கூற இயலாது.

நம் ஊர்கள் சொன்ன சாட்சியம்

அச்சோதனைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டம். குறிப்பாக, திருவள்ளூர் நகரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் உள்ளடக்கிய வட்டாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை இணைந்து 1968-இல் இதைத் தொடங்கின. 209 ஊராட்சிகளிலும் ஒரு நகரத்திலுமாக இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். பி.சி.ஜி. பற்றி உலகில் நடந்த ஆய்வுகளுள் இதுவே மிகப் பெரியது எனலாம்.

சிலருக்கு பி.சி.ஜி. போடப்பட்டது, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போடப்பட்டது. யாருக்கு எது என்பது ஊசி போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. விருப்பு வெறுப்பு முடிவைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. டென்மார்க்கு வகை, பிரெஞ்சு வகை என இரு கிருமி வகைகள் பயன்படுத்தப்பட்டன. பின்னர் இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை ஊர் ஊராகச் சென்று, மார்பை எக்ஸ்ரே எடுத்தும் சளியைச் சோதித்தும் நோய் கண்டவர்களைக் கணக்கெடுத்தனர். இவ்வாறு பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தனர்.

விடை எதிர்பாராததாயிருந்தது. ஏழரை ஆண்டு முடிவுகள் 1979-80 காலத்தில் வெளியானபோதே மருத்துவ உலகம் திகைத்தது. பதினைந்து ஆண்டு முடிவுகள் 1999-இல் முழுமையாக வெளிவந்தன: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயன் தரவில்லை, பிள்ளைகளிடம் கண்ட பாதுகாப்பும் 27 விழுக்காடு அளவே, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. மண்ணிலும் நீரிலும் வாழும் காசக்கிருமியின் உறவுக் கிருமிகள் நம் மக்களின் உடலை முன்பே பழக்கிவைத்திருப்பது காரணமாயிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். எனினும் வேறு ஆய்வுகளால் ஓர் உண்மை உறுதிப்பட்டுள்ளது: குழந்தைகளைக் கொல்லும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயையும், உடலெங்கும் பரவும் கடுமையான காசநோயையும் பி.சி.ஜி. தடுக்கிறது. அதனாலேயே இன்றும் அது பிறந்தவுடன் போடப்படுகிறது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தோல்வி என்று தோன்றும் இம்முடிவு உண்மையில் ஒரு கொடை. ஏழை உழவர்களும் கூலித் தொழிலாளரும் தங்கள் புயத்தை நீட்டி, ஒரு மருந்தால் எது முடியும், எது முடியாது என்னும் உண்மையை உலகுக்கு வழங்கினார்கள். அந்நாளில் மருத்துவ ஆய்வில் பங்குகொள்வோரின் எழுத்துமூல ஒப்புதலையோ, அறநெறிக் குழுவின் அனுமதியையோ கோரும் விதி நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறநெறி பற்றிய தன் முதல் கொள்கை அறிக்கையை 1980-இல்தான் வெளியிட்டது. புதிய மருந்துகள் பற்றிய 2019-ஆம் ஆண்டு விதிகளோ ஒப்புதல், அறநெறிக் குழு, இழப்பீடு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கியுள்ளன. 1952-இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மருத்துவ ஆய்வின் அறநெறி எல்லைகளைப் பற்றி மருத்துவர்களிடம் பேசியபோது, அறிவியலின் வளர்ச்சியோ பொது நன்மையோ தனி மனிதரின் உரிமையை விழுங்கிவிடலாகாது என்று கற்பித்தார். மனிதர் சமுதாயம் என்னும் இயந்திரத்தின் ஓர் உதிரிப்பாகம் அல்லர் என்பதே அப்போதனையின் சாரம்.

2008: இரு நிகழ்ச்சிகள்

நம் தலைமுறையில் 2008-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மறக்கலாகாதது. அவ்வாண்டு ஜனவரியில், கிண்டி பி.சி.ஜி. கூடம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தயாரிப்பு உரிமங்களை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிறுத்திவைத்தது. கட்டடங்களும் முறைகளும் சட்டம் வகுத்த நற்தயாரிப்பு நெறிகளுக்கு ஒத்திருக்கவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்கு நெடுங்காலம் மருந்து வழங்கிவந்த நிறுவனங்கள் இவை. தனியாரிடம் வாங்கவேண்டிய நிலை வந்தது. தட்டுப்பாடு பற்றிய முறையீடுகள் எழுந்தன. நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தது. உச்ச நீதிமன்றத்துக்கும் வழக்கு சென்றது. 2010 பிப்ரவரியில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. அரசின் கூடம் என்பதற்காக விதியைத் தளர்த்தினால், லூபெக்கின் பாடத்தை மறந்தவராவோம். செய்பவரும் சோதிப்பவரும் கசௌலியில் நெடுங்காலம் ஒரே வளாகத்தில் இருந்ததையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆனால் அக்கூடங்களைப் புதுப்பிக்க உரிய காலத்தில் பணம் ஒதுக்கும் கடமையும் அதே அரசுக்குத்தான் இருந்தது. கூரை ஒழுகவிட்டுப் பின்பு வீடு ஒழுகுகிறது என்று குடியிருப்போரை வெளியேற்றுவது நீதியாகுமா? ஒழுங்குபடுத்தும் சட்டம் திருத்தவும் தெரிந்திருக்கவேண்டும். மூடுவது மட்டும் அதன் வேலையன்று.

அதே 2008 ஏப்ரலில், நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டபின் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. நாடே அதிர்ந்தது. தட்டம்மை மருந்தும் உயிருள்ள மருந்தே. உலர்ந்த தூளாக வரும் அதனை, அதற்கென அனுப்பப்படும் நீரில் மட்டுமே கரைக்கவேண்டும், குளிரில் வைக்கவேண்டும், கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு எஞ்சியதை எறிந்துவிடவேண்டும். ஆய்வகத்திலிருந்து ஊசிமுனை வரையுள்ள சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் காக்க வந்த மருந்து ஆபத்தாகலாம் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். அத்துயருக்குப் பின் தமிழகத்தில் சிற்றூர்களில் ஊசி போடுவது சில காலம் நிறுத்தப்பட்டு, மருத்துவர் உள்ள நிலையங்களிலேயே போடப்பட்டது. அது எச்சரிக்கையான ஏற்பாடு. ஆனால் அரைநாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, கைக்குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையம் செல்லவேண்டிய தாய்க்கு அது ஒரு சுமையுமாயிற்று.

நம் கடமை

நாம் பணியாற்றும் வேப்பம்பட்டில், சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்வோரும், வடமாநிலங்களிலிருந்து வந்து ஒரே அறையில் பலராய்த் தங்கியிருப்போரும் இப்பகுதியில் உண்டு. உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காற்றோட்டமற்ற அறையும் அரைவயிற்று உணவும் அந்நோய்க்கு விரித்த பாய். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, காசநோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்ததாலேயே அவர்களிடையே புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைந்ததென்று காட்டியது. ஊசி தேவை, ஊசி மட்டும் போதாது என்று நம் ஊர்கள் அன்றே சொன்ன சாட்சியத்தை இது உறுதிசெய்கிறது.

ஆகவே, அன்பு வாசகர்களே, உயிருள்ள மருந்தைப் பற்றிய இவ்வரலாறு நமக்கு இரு சோதனைகளைச் சுட்டுகிறது. ஒன்று, ஐயமும் வதந்தியும் கேட்டுப் பிள்ளைகளுக்கு ஊசியே போடாமல் விடுவது. மற்றொன்று, கேள்வி கேட்பதே பாவம் என்றெண்ணி எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் விட்டுவிடுவது. இரண்டும் தவறு. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதும், மருந்து எப்போது கரைக்கப்பட்டது என்று செவிலியரிடம் பணிவோடு கேட்பதும், ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே காத்திருப்பதும், குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் மறைக்காமல் உடனே தெரிவிப்பதும் சிறிய செயல்கள்தாம். ஆனால் கண்காணிப்பு என்பது தலைநகரில் தொடங்கி நம் கையில் முடிகிறது. காவலர் விழித்திருக்கவேண்டுமானால் வீட்டாரும் உறங்கலாகாது.

நம் பங்குகளில் இன்னும் முதியவர்கள் சிலரின் புயத்தில் பழைய ஊசித் தழும்புகள் உள்ளன. அவற்றுள் எது அம்மைப்பாலின் தழும்பு, எது காசநோய் ஊசியின் தழும்பு என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தெரியாத மனிதர்களின் நலனுக்காக நம் ஊரார் தங்கள் உடலால் எழுதிய எழுத்துகள் அவை. அவர்களுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்க வழி ஒன்றே: இனி பிறக்கும் குழந்தைக்குச் செலுத்தப்படும் ஒவ்வொரு துளி மருந்தும் உண்மையால் சோதிக்கப்பட்டதாகவும், சட்டத்தால் காக்கப்பட்டதாகவும், அன்போடு கொடுக்கப்பட்டதாகவும் இருக்கப் பார்த்துக்கொள்வோம்.